நுங்கம்பாக்கம் நேரமும் தம்புராவின் காந்தாரமும்

எங்கள் தொழிலில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "நீங்க எந்த டொமைன்?" என்பதுதான். பேங்கிங், இன்சூரன்ஸ், டெலிகாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வர வேண்டும். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்று சொன்னால் ஒன்றும் தெரியாதவர் என்று எழுதிக்கொள்வார்கள். நான் புரோகிராமராகச் சேர்ந்தபோது, ஃபாக்ஸ்புரோவும் விஷுவல் பேசிக்கும் தெரிந்தவனுக்கு ஆயுசுக்கும் கவலையில்லை என்றார்கள். கொஞ்ச காலத்தில் இரண்டையும் கேட்பாரில்லை. அதன் பிறகு கற்ற மொழிகள், கருவிகள், வாங்கிய சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். ஆனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையிலும் மின்சார ரயிலிலும் படித்த சங்கதிகள் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன: பழைய நேரக் கணக்கு, தம்புராவின் ஒலியியல், நிலக் கணக்கில் வரும் பின்னங்கள். வேலைக்கு ஆகாத படிப்பு என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பேர் வாங்கிய படிப்பு அது.

முதலில் ஜாதகம். எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் வேலை வந்தபோது மறுக்கவில்லை. கிரகங்கள் எங்கே இருந்தன என்று கணிப்பது அசல் வானியல். அதற்கு யாருடைய நம்பிக்கையும் தேவையில்லை. வாடிக்கையாளர் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுப்பார். அந்த நேரத்தில் கீழ்வானில் உதயமாகிக்கொண்டிருந்த ராசி லக்னம். நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பதிலிருந்து தசா இருப்பு. பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளுக்குள் உதயமாகிவிடுவதால் ஒரு லக்னத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்.

1943இல் கும்பகோணத்தில் பிறந்த ஒரு பெரியவரின் ஜாதகம்தான் சிக்கலைக் காட்டிக்கொடுத்தது. அவர் வீட்டில் அந்தக் கால ஜோசியர் கையால் எழுதிய ஜாதகம் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு லக்னம். மென்பொருளில் அதற்கு அடுத்த லக்னம். பெரியவருக்குக் கோபமில்லை, எங்கள் மேல் இரக்கம்தான். "கம்ப்யூட்டர்ல போட்டா இப்படித்தான் வரும் தம்பி" என்றார். அதே காலத்தில் பிறந்த வேறு சிலரின் ஜாதகங்களைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டேன். 1942க்கு முன்னால் எல்லாம் ஒத்துப்போயின, 1946க்குப் பின்னாலும் ஒத்துப்போயின. நடுவில் மட்டும் சீராக ஒரு மணி நேரம் இடறியது.

விடை இரண்டாம் உலகப் போரில் இருந்தது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்த நாடு ஆறரை மணி நேரம் முன்னால் போனது. ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் காட்டியது அந்த நேரம்; வீட்டில் குறித்துவைத்ததும் அதுதான். ஒரு மணி நேரம் பிசகினால் பாதிப் பேருக்கு லக்னம் மாறிவிடும். சுக்கிர தசையில் பிறந்தவருக்கு தசா இருப்பு ஏறக்குறைய பத்து மாதம் தள்ளிப்போகும். நம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பழைய ஜோசியர் எப்படித் தப்பினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் மணியே எழுதவில்லை. அன்றைய சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று, உதயாதி நாழிகைக் கணக்கில் எழுதியிருந்தார். நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். போர்க்கால உத்தரவு கடிகாரத்தைத்தான் நகர்த்தியது; சூரியன் வழக்கம்போல உதித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து இன்னும் பின்னால் போனேன். இந்திய நேரம் என்று இன்று நாம் சொல்வது 1906 ஜனவரி 1 முதல் வந்தது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். எனவே கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு ஐந்தரை மணி நேரம். அதற்கு முன் சென்னைக்குத் தனி நேரம் இருந்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். அந்தப் பத்து விநாடிகூட விளையாட்டில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தின் தீர்க்கரேகையிலிருந்து வந்த எண் அது. தொலைநோக்கிக்கருவி அசையாமல் நிற்க அங்கே நட்ட கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1861இல் போக்சன் என்ற வானியலர் இங்கிருந்துதான் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். அந்தத் தெருவில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசிப்பேன். புயல் வந்தால் மட்டும் அந்த வாசலில் தொலைக்காட்சிக் கேமராக்கள் கூடும்.

சென்னை நேரம் சென்னையோடு நிற்கவில்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் ஒரு நேரமாக இருந்ததால் இந்திய ரயில்கள் பல பத்தாண்டுகள் அதில்தான் ஓடின. பம்பாய்க்காரர்கள் 1906க்குப் பிறகும் தங்கள் நேரத்தை விடவில்லை. ரயில் நிலையத்தில் ஒரு மணி, ஊருக்குள் வேறு மணி என்று 1955 வரை இழுத்தார்கள். கல்கத்தா 1948 வரை.

இவ்வளவையும் நானே தோண்டி எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இது இருக்கிறது. உலக நேர மண்டலங்களின் தரவுத்தளம் என்று ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற புரோகிராமர் தொடங்கினார். பிறகு பால் எகர்ட் பொறுப்பேற்றார். எல்லாம் சாதாரண உரைக்கோப்புகள், யாரும் திறந்து படிக்கலாம். ஆசியா, கொல்கத்தா என்ற பதிவில் மேலே சொன்ன 5:21:10 அப்படியே இருக்கும். எண்களைவிட அவற்றுக்கு மேலே எழுதிய குறிப்புகள் சுவையானவை: எந்தச் செய்தித்தாள், எந்த அரசாணை, எந்த ஊர்க்காரர் எழுதிய கடிதம் என்று சான்று சான்றாக வரும். நான் படித்த நல்ல வரலாற்று நூல்களில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்வேன். அந்தத் தரவின் பழைய பகுதிகளில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜோதிடர்களுக்காகத் தொகுத்த நேர அட்லஸ்களிலிருந்து. பிறந்த நேரத்தை அவ்வளவு துல்லியமாகத் துரத்தியவர்கள் வேறு யாரும் இல்லை. 2011இல் ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் இதைக் காட்டி ஓல்சன், எகர்ட் இருவர் மேலும் பதிப்புரிமை வழக்குப் போட்டது. வரலாற்றுத் தகவலுக்கு உரிமையாளர் கிடையாது என்ற வாதத்துக்கு முன் நிற்க முடியாமல் அடுத்த ஆண்டே மன்னிப்புக் கேட்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. விமானப் பயணச்சீட்டிலிருந்து வங்கிப் பரிமாற்றம்வரை உலகமே நம்பியிருக்கும் ஒரு கோப்பு சில மாதங்கள் நீதிமன்ற வாசலில் நின்றது. பகுத்தறிவாளனான எனக்கு ஜோதிடர்கள் மேல் வந்த மரியாதை அந்தக் கோப்பைப் படித்தபின் வந்தது.

இந்த வேலையில் மனதை அசைத்தது இலங்கைப் பதிவு. 1996இல் வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்தபோது மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னிழுத்து, கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னால் என்று வைத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடி ஐந்தரைக்கு வந்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை; ஐந்தரையிலேயே இருந்தன. ஆக, பத்தாண்டுக் காலம் ஒரே தீவில் இரண்டு நேரம். கனடாவிலிருந்து அழைத்த ஓர் அம்மா தன் மகளின் ஜாதகம் பற்றிப் பேசும்போது, "தம்பி, நாங்கள் அப்ப வன்னியில இருந்தனாங்கள். எங்களுக்குப் பழைய நேரம்தான்" என்றார். அதே ஆண்டில் யாழ்ப்பாண நகரத்தில் பிறந்த குழந்தைக்குக் கொழும்பு நேரம். எந்த ஊர் என்பதை வரைபடம் சொல்லும். அந்த நாளில் அந்த ஊர் யார் கையில் இருந்தது என்பதை எந்த நிரலும் சொல்லாது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் மென்பொருள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கும்படி வைத்தேன்: நேரம் குறித்த கடிகாரம் பழைய நேரமா, புதிய நேரமா? இந்தக் கேள்வி எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வாடிக்கையாளர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இசைக்கு வந்த வழி வேறு. என் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். தம்புரா வைத்திருந்தார், மீட்ட ஆளில்லை. மின்னணு சுருதிப்பெட்டி நமக்குப் புதிதல்ல. பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் 1970களின் கடைசியிலேயே செய்தார். அவர் புல்லாங்குழல் கலைஞரும்கூட. என் ஆசை, பதிவு செய்த ஒலியை ஓட்டாமல், தந்தியின் அதிர்வையே நிரலாக எழுதிப் பார்ப்பது.

அதற்கு ஓர் அழகான வழியை 1983இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்டார்கள். எண்களைப் பெட்டி பெட்டியாக ஒரு வரிசையில் வையுங்கள். முதலில் அதில் கண்டபடி எண்களை நிரப்புங்கள். அது வெறும் இரைச்சல். வரிசையின் தலையில் இருப்பதை ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். அதையும் அடுத்ததையும் கூட்டி இரண்டால் வகுத்து வரிசையின் வாலில் சேருங்கள். நொடிக்கு 44,100 முறை இதைச் செய்தால், இரைச்சலாகத் தொடங்கியது கண நேரத்தில் மீட்டிய தந்தியின் நாதமாகி மெல்லத் தேயும். பத்து வரி நிரல்தான். முதல்முறை அதைக் கேட்டபோது என் தொழில் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சம்பளம் வந்த எந்த நாளிலும் உணர்ந்ததில்லை.

ஆனால் டீச்சர் கேட்டுவிட்டு, "சார், சேர்ந்த மாதிரி இருக்கு, சேரலை" என்றார். அவருக்கு ஐந்து கட்டை சுருதி, ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். 44,100ஐ அதால் வகுத்தால் 225. சராசரி எடுக்கும் செயலே அரைப் பெட்டி தாமதம் சேர்ப்பதால் வரிசையின் நீளம் 224½ ஆக இருக்க வேண்டும். கணினியில் அரைப் பெட்டி கிடையாது. இந்த அரைப் பெட்டிக் குறையை டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே 1983இலேயே ஒரு சிறு வடிகட்டியால் தீர்த்திருந்தார்கள். அதைப் போட்டேன். டீச்சர் இன்னும் தலையை ஆட்டவில்லை.

மிச்சக் குறை பஞ்சமத்தில் இருந்தது. ஒலி நிரல்களோடு வரும் சுர அட்டவணை பியானோவுக்கானது. அங்கே ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருப்பார்கள். அதன்படி பஞ்சமம் ஸட்ஜத்தைப்போல 1.4983 மடங்கு. தம்புராவில் காதால் சேர்க்கும் பஞ்சமம் சரியாக ஒன்றரை மடங்கு. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றைவிடச் சற்றே கூடுதல்தான். வேகமாக ஓடும் பாட்டில் யாருக்கும் தெரியாது. தம்புரா ஓடுவதில்லை, நின்று ஒலிக்கிறது. 200 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரம், அதாவது மும்மடங்கு, 600; பியானோ பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரம் 599.3. இரண்டும் உரசி ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ஒலி எழும்பி அடங்கும். டீச்சரின் காது கண்டுபிடித்தது அந்த அலையை. 1.5 என்று மாற்றி எழுதியதும் நின்றது. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். ஸட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரம் அது, விகிதம் 5க்கு 4. பியானோவின் காந்தாரம் அதைவிடத் தெளிவாகவே கூடுதல். தினமும் கீபோர்டோடு சேர்ந்து பாடுகிற பிள்ளைகளின் காந்தாரம் ஏன் அப்படி இருக்கிறது என்று டீச்சர் அலுத்துக்கொள்வதன் கணக்கு இதுதான்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. "சுருதி சரி. ஆனா இது தம்புரா இல்லை சார், கிதார்" என்றார். தம்புராவின் குதிரை அகலமான, லேசாக வளைந்த சரிவு. தந்திக்கும் அதற்கும் நடுவில் ஜீவா என்று ஒரு நூலை நுழைத்து நகர்த்துவார்கள். தந்தி ஒவ்வொரு முறை அதிரும்போதும் குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகும். அந்த ரீங்காரம் அங்கே பிறக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று தேடியபோது சி.வி. ராமன் 1921இல் எழுதிய ஒரு சிறு ஆய்வுக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலியில் வரக்கூடாது என்பது அதுவரை இருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கணீரென்று வருகின்றன; காரணம் குதிரையின் வளைவு என்று ராமன் காட்டினார். நிரலில் அதை, தந்தியின் வீச்சு கூடக்குறைய வரிசையின் நீளமும் கூடிக் குறையும்படி எழுதினேன். டீச்சர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வர்ணம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

ராமனை ஒளிச்சிதறலோடு மட்டும் பள்ளியில் படித்தோம். 1907 முதல் 1917 வரை அவர் நிதித்துறை அதிகாரி, பெரும்பாலும் கல்கத்தாவில். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வயலின் தந்தி. மிருதங்கத்தைப் பற்றி 1920இல் எழுதினார். சாதாரணத் தோலில் தட்டினால் மேல் அதிர்வுகள் அடிப்படையைப்போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். ஆகவே பறை, டிரம் போன்றவற்றுக்குத் திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரணை அந்த மடங்குகளை 2, 3, 4, 5 என்று முழு எண்களுக்கு இழுத்துவருகிறது. இதற்குச் சமன்பாடு எழுதியது இருபதாம் நூற்றாண்டு. கல் பொடியும் சோறும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்துக் காதாலேயே அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தோல் வேலை செய்கிற கைவினைஞர்கள். கச்சேரி அழைப்பிதழில் அவர்கள் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

ராமன் கணக்கு வேலையை விட்ட அதே 1917இல் தஞ்சாவூரில் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. எழுதிய ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருந்து செய்தார், தோட்டம் போட்டார், புகைப்படம் எடுத்தார், இசை மாநாடுகளைச் சொந்தப் பணத்தில் நடத்தினார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற வழக்கத்தை எதிர்த்து 24 என்று நிறுவ, தந்தி நீளங்களையும் விகிதங்களையும் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில். சமமாக வெட்டிய அவருடைய 24ஐ நான் ஏற்கவில்லை, தம்புரா சொல்லும் காந்தாரம் அதில் இல்லை. ஆனால் எதிராளி சரிபார்க்கும்படி கணக்கு முழுவதையும் அச்சில் போட்டுவிடும் நேர்மையை எங்கள் தொழிலில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

கர்நாடக இசையின் தாய் ராகப் பட்டியலான மேளகர்த்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. ரி-கவுக்கு ஆறு சேர்க்கை, த-நிக்கு ஆறு, மத்யமம் இரண்டு; பெருக்கினால் 72. மூன்று சுழற்சிகளில் நிரல் முடிந்துவிடும். ராகத்தின் எண்ணைப் பெயருக்குள் வைக்கும் கடபயாதி முறைதான் எனக்குக் குறும்பாகப் படும். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்: மேசகல்யாணியில் மே 5, ச 6. திருப்பிப் போட்டால் 65. சங்கராபரணத்துக்கு முன்னால் தீர என்று ஒட்டியது அதற்குள் 29ஐ வைப்பதற்காகத்தான். பேரைச் சொன்னால் எண் வரும், எண் வந்தால் சுரங்கள் வரும்.

இப்படி அலைவதற்கு எனக்குத் தைரியம் கொடுத்தவர் டொனால்ட் கனூத். கணினி அறிவியலின் அடிப்படை நூலை எழுதியவர். நடுவில் தன் புத்தகம் அசிங்கமாக அச்சாவதைப் பொறுக்காமல் அச்சுக்கோக்கும் மென்பொருளையே எழுதினார். வீட்டில் குழாய் ஆர்கன் வைத்து வாசிப்பவர். 1972இல் அவர் பாபிலோனியக் களிமண் பலகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 60ஐ அடியாகக் கொண்ட அந்தக் கணக்குகளை, இதைச் செய், பிறகு இதைச் செய் என்று போகும் நிரல்களாக அவர் படித்துக் காட்டியிருப்பார். அதைப் படித்த கண்ணோடுதான் பழைய தமிழ் வாய்பாடான எண்சுவடிக்குள் போனேன்.

எண்சுவடியை வேலையாகவே எடுக்க வேண்டி வந்தது டெல்டா பகுதியில். ஓர் அறக்கட்டளையின் பழைய நிலப் பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி. பேரேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: மூன்று வேலி, ஏழு மா, காணி, முந்திரி. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. எங்களுக்கு முன்னால் இந்த வேலையை எடுத்தவர்கள் இதை 3.37 என்று இரண்டு தசம இடத்தோடு ஏற்றியிருந்தார்கள். உண்மையான மதிப்பு 3.365625. வேலிக்கு 2,000 குழி என்ற கணக்கில் எட்டே முக்கால் குழி கூடிவிட்டது. குழி 144 சதுர அடி. ஆக, அரை கிரவுண்டுக்கு மேல் நிலம் தசமப் புள்ளிக்குப் பின்னால் முளைத்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா?

தசம இடத்தைக் கூட்டினாலும் தீராது. கணினி இரண்டின் பின்னங்களில் எண்ணுகிறது. அதில் ஐந்தில் ஒன்று முடிவில்லாமல் நீளும். எந்த மொழியிலும் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் 0.30000000000000004 என்று வரும். 320க்குள் ஐந்து ஒளிந்திருப்பதால் ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது ஐந்தொகை இடிக்கும். தீர்வு பழையவர்களிடமே இருந்தது: எல்லாவற்றையும் முந்திரியில் எண்ணு. மேலே சொன்ன நிலம் 1,077 முந்திரி, முழு எண். அதே பேரேட்டில் குத்தகைப் பணம் ரூபாய், அணா, பை கணக்கில். 1957 ஏப்ரல் 1க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192. அணா சரியாக 20 முந்திரியில் உட்காரும், பை உட்காராது. 320, 192 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 960. அடிப்படை அலகை 960இல் ஒன்று என்று வைத்ததும் நிலமும் பணமும் ஒரே அட்டவணையில் இடியாமல் உட்கார்ந்தன. எட்டாம் வகுப்புக் கணக்கு.

முந்திரியோடு தமிழ்க் கணக்கு நிற்கவில்லை. கீழ் என்று முன்னால் போட்டால் அந்தப் பின்னம் இன்னொரு முறை 320ஆல் வகுபடும். கீழ்முந்திரி 1,02,400இல் ஒன்று. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு கீழுக்குக் கீழ் என்று இறங்கிக்கொண்டே போகும். இவ்வளவு நுணுக்கம் நிலத்தை அளந்து வந்ததாக இருக்க முடியாது. பங்கிட்டுப் பெருக்கும்போது வந்த மீதியைத் தள்ளிவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. முந்திரிக்கு ஐந்து அடுக்குக் கீழ் இறங்கினாலும் இன்றைய 64 பிட் முழு எண்ணில் எட்டாயிரம் வேலிக்கு மேல் அடங்கும். சோழர் கணக்கருக்குக் கணினி இடம் போதாமல் போகாது.

இந்தப் பின்னக் குறியீடுகள் 2019இல்தான் யூனிகோடில் ஏறின, தமிழ்த் துணைத் தொகுதி என்ற தனிப் பகுதியில், அளவைக் குறிகளையும் சேர்த்து 51 எழுத்துகள். பல கணினிகளில் இன்னும் எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டமாகத்தான் தெரிகின்றன. குறி ஏறிவிட்டது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் பணியில் சில பக்கங்களைப் படித்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற கர்ணம் வீட்டுப் பெரியவர் ஒருவர். மாவரையையும் மாகாணியையும் பிரித்துக்காட்ட அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆளில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பழைய அச்சுப் புத்தகமோ, தாத்தாவின் நிலக் கணக்கு நோட்டோ, உதயாதி நாழிகையோடு எழுதிய ஜாதகக் கட்டோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வெயில் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். அச்சு நூல் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள்; ஓலை என்றால் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் வாய்விட்டுப் படிப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளுங்கள்.